லைசென்ஸ் இல்லாத பாட்டு

செந்நிழலில் ஐரோப்பா: 14

1968 ஆகஸ்டில் பிராக் நகருக்குள் புகுந்த சோவியத் படை, வானொலி நிலையத்தைப் பிடித்தது, பத்திரிகை அலுவலகங்களைப் பிடித்தது, கட்சித் தலைவர் டூப்செக்கையே பிடித்து மாஸ்கோவுக்குக் கொண்டுபோனது. சென்ற அத்தியாயத்தில் இதையெல்லாம் பார்த்தோம். தளபதிகளின் பட்டியலில் இல்லாத ஒரு கூட்டமும் அந்த நகரத்தில் இருந்தது. கிளப்புகளிலும் நிலவறைகளிலும் மின்சார கிடாரை அலறவிட்டுக்கொண்டிருந்த ராக் குழுக்கள். முடிவளர்த்த பையன்களால் என்ன ஆகிவிடப்போகிறது?

படையெடுப்பு நடந்த அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், பிராகின் பிரெவ்னோவ் பகுதியைச் சேர்ந்த 17 வயதுப் பையன் ஒருவன் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு புதிதாகக் குழு ஆரம்பித்தான். பெயர் மிலான் ஹ்லாவ்ஸா. கற்றது கசாப்புத் தொழில், வாசித்தது பேஸ் கிடார். அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவின் பாட்டு ஒன்றின் தலைப்பை எடுத்து, பிரபஞ்சத்தையும் அதோடு சேர்த்துக் குழுவுக்குப் பெயர் வைத்தார்கள்: பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் த யுனிவர்ஸ்.

எட்டு ஆண்டுகள் கழித்து இந்தக் குழுவின்மேல் அரசு போட்ட வழக்குதான் ‘சாசனம் 77’ இயக்கத்துக்கு வழி திறந்தது. வரலாற்று நூல்கள் இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. ராக் இசை கம்யூனிசத்தைக் கவிழ்த்தது என்று மேற்கத்தியப் பத்திரிகைகள் எழுதுவது இன்னும் மோசம். கிடார் வாசித்தால் அரசாங்கம் விழும் என்றால் உலகத்தில் ஒரு அரசாங்கமும் மிஞ்சாது. நடந்தது வேறு. அது ஒரு காகிதத்தில் தொடங்குகிறது.

1969 ஏப்ரலில் டூப்செக் போய் குஸ்தாவ் ஹூசாக் வந்தார். இனி எல்லாம் ‘இயல்புநிலைக்கு’த் திரும்பும் என்றார்கள். கட்சியிலிருந்து லட்சக்கணக்கானோர் நீக்கப்பட்டார்கள், பேராசிரியர்கள் ஜன்னல் துடைக்கவும் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடவும் போனார்கள். இசைக்கு அவ்வளவு கடுமை தேவைப்படவில்லை. ஏற்கெனவே இருந்த லைசென்ஸ் முறையை இறுக்கிப் பிடித்தாலே போதும்.

செக்கோஸ்லோவாகியாவில் சம்பளத்துக்கு வாசிக்க வேண்டுமென்றால் ஓர் அரசு அமைப்பு உங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் நடுவர் குழு முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். பாடல் வரிகளை எழுதிக் கொடுக்க வேண்டும், இசைக் கோட்பாட்டுக் கேள்விகளுக்கும் அரசியல் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். தேறினால் தர வரிசை, அதற்கேற்ற சம்பளம். நம் ஆகாசவாணியின் கிரேடு முறையை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் ஊரில் தேறாத வித்வான் கோயிலிலும் கல்யாணத்திலும் வாசித்துப் பிழைத்துக்கொள்வார். செக்கோஸ்லோவாகியாவில் தேறாதவருக்கு மேடை என்று எதுவுமே மிச்சமில்லை. அரங்கம் அரசுடையது, ஒலிப்பதிவுக்கூடம் அரசுடையது, இசைத்தட்டு கம்பெனி அரசுடையது. பல குழுக்கள் வாசிக்கும் கருவிகளும் அரசுடையவை.

1970-க்குப் பிறகு நிபந்தனைகள் தெளிவாகவே சொல்லப்பட்டன. ஆங்கிலப் பெயர் கூடாது, ஆங்கிலப் பாட்டு கூடாது, தலைமுடி குட்டையாக இருக்க வேண்டும். பெரும்பாலானோர் முடியை வெட்டிக்கொண்டார்கள். ‘புளூ எஃபெக்ட்’ என்ற நல்ல குழு செக் மொழியில் ‘மோட்ரி எஃபெக்ட்’ ஆகித் தொடர்ந்து வாசித்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பம் இருந்தது, வாசிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. பிளாஸ்டிக் பீப்பிள் பெயரையும் மாற்றவில்லை, முடியையும் வெட்டவில்லை. 1970-ல் லைசென்ஸ் போயிற்று. அதோடு கருவிகளும் ஒலிபெருக்கிகளும் திரும்பப் போயின.

இந்த இடத்தில் பக்கத்து நாடுகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ஹங்கேரியில் பண்பாட்டுத் துறையை ஆண்ட கியோர்கி அட்செல் கலைஞர்களை மூன்றாகப் பிரித்திருந்தார்: ஆதரிக்கப்படுபவர், சகித்துக்கொள்ளப்படுபவர், தடை செய்யப்பட்டவர். நடுவில் உள்ள அந்தச் சகிப்பு என்கிற அறையில் பல ராக் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தன. கிழக்கு ஜெர்மனியில் அந்த அறை சிறியது. 1975 செப்டம்பரில் லைப்ஸிக் நகரத்தின் கிளாவுஸ் ரென்ஃப்ட் குழு லைசென்ஸைப் புதுப்பிக்க நடுவர் குழு முன்னால் போய் நின்றது. வாசிக்கவே விடவில்லை. இனி உங்கள் குழு இல்லை என்றார் அதிகாரி. தடை செய்துவிட்டீர்களா என்று கேட்டதற்கு, தடை என்று தாங்கள் சொல்லவில்லை, குழு இல்லை என்றுதான் சொல்கிறோம் என்று பதில் வந்தது. எந்தத் தத்துவப் பேராசிரியரும் இவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க முடியாது. ரென்ஃப்ட் குழுவின் இசைத்தட்டுகளும் கடைகளிலிருந்து மறைந்தன. பாடலாசிரியரும் வேறு சிலரும் சிறை கண்டு, பிறகு மேற்கு பெர்லினுக்கு அனுப்பப்பட்டார்கள்.

பிராகிலும் காகிதம் பறித்தால் குழு மறைந்துவிடும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள். பெரும்பாலும் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. இந்த ஒரு குழு விஷயத்தில் தப்பியதற்கு முக்கியக் காரணம் இசைக்கலைஞர் அல்லாத ஒருவர்.

இவான் மார்ட்டின் யிரௌஸ், 1944-ல் பிறந்தவர், கலை வரலாறு படித்தவர். நண்பர்கள் அவரை ‘மாகோர்’ என்று அழைத்தார்கள். கிறுக்கன் என்று அர்த்தம். அவரும் மறுக்கவில்லை. நியூயார்க்கில் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவுக்கு ஓவியர் ஆண்டி வார்ஹோல் என்னவாக இருந்தாரோ, அதுபோல இந்தக் குழுவுக்குத் தான் இருக்க நினைத்தார். கலைஞர்கள் சங்கத்தில் உறுப்பினர் என்பதால் அரங்கம் வாடகைக்கு எடுத்துச் சொற்பொழிவு நடத்த அவருக்கு உரிமை இருந்தது. வார்ஹோலைப் பற்றி உரை என்று விண்ணப்பித்தார். மேடையேறிச் சில ஸ்லைடுகளைக் காட்டினார், கொஞ்சம் பேசினார். பிறகு, வார்ஹோலோடு தொடர்புடைய வெல்வெட் அண்டர்கிரவுண்ட் பாடல்கள் எப்படி இருக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு என்று சொல்லி மேடையைப் பிளாஸ்டிக் பீப்பிளிடம் விட்டார். எடுத்துக்காட்டு மணிக்கணக்கில் ஓடியது.

கருவிகளுக்காகக் காட்டில் மரவேலைக்குப் போய்ப் பணம் சேர்த்தார்கள். மெக்கானிக்கான கிடார்காரர் யோசெஃப் யானீச்செக் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களைப் பிரித்து ஆம்ப்ளிஃபயர் செய்தார். பிராகில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்திருந்த கனடாக்காரர் பால் வில்சன் 1970 முதல் 1972 வரை அவர்களுக்குப் பாடினார். சும்மா இருப்பதும் அந்த நாட்டில் குற்றம். அடையாள அட்டையில் வேலை கொடுப்பவரின் முத்திரை இல்லாவிட்டால் ‘ஒட்டுண்ணி’ என்று வழக்குப் போடலாம். அதனால் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கூலி வேலை இருந்தது. இசை, வேலை நேரத்துக்குப் பிறகு.

1973 வாக்கில் குழுவின் குரலே மாறிவிட்டது. சாக்ஸஃபோன் வாசிக்கும் விராட்டிஸ்லாவ் பிராபெனெட்ஸ், இறையியலும் தோட்டக்கலையும் படித்தவர், ஒரு நிபந்தனையோடு சேர்ந்தார்: அடுத்தவர் பாட்டு வேண்டாம், நம் மொழியில் நம் பாட்டு. வரிகள் எகோன் போண்டியிடமிருந்து வந்தன. தத்துவ அறிஞர் ஸ்பினியெக் ஃபிஷரின் புனைபெயர் அது. தன்னை மார்க்சியவாதி என்றே சொல்லிக்கொண்ட அவருடைய கவிதைகளை மார்க்சிய அரசு அச்சிடவில்லை. பிற்காலத்தில் ரகசியப் போலீஸின் கோப்புகள் திறந்தபோது அதே போண்டியின் பெயர் ஒத்துழைத்தவர்களின் பட்டியலிலும் இருந்தது. இந்த வரலாற்றில் யாரையும் பூஜை அறையில் மாட்டிவைக்க முடியாது.

போண்டியின் கவிதைகளில் புரட்சி இல்லை. மலச்சிக்கல் இருக்கிறது, பியர் இருக்கிறது, பொழுது போகாத மாலைகள் இருக்கின்றன, அச்சில் வராத கெட்ட வார்த்தைகள் இருக்கின்றன. அதற்கு ஹ்லாவ்ஸா போட்ட இசையில் இனிமை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரே தாளம் பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப அடிக்கும், யிர்ஷி காபெஷின் வயோலா அதன்மேல் கீறும், சாக்ஸஃபோன் காயம்பட்ட விலங்காய்க் கத்தும். அந்தப் பதிவுகளைக் கேட்பவர்களில் பாதிப்பேர் பாதியில் நிறுத்திவிடுவார்கள் என்று நினைக்கிறேன். எனக்குப் பிடிக்கும். ஹூசாக் காலத்து அலுப்பு எப்படி இருந்தது என்று எந்தப் புத்தகத்தையும்விட அது நன்றாகச் சொல்கிறது. 1974-75 காலத்தில் ஹௌஸ்கா கோட்டையில் ரகசியமாக ஒலிப்பதிவு செய்த பாடல்கள் 1978-ல் மேற்கில் இசைத்தட்டாக வெளிவந்தன. தலைப்பு பீட்டில்ஸின் புகழ்பெற்ற தட்டைக் கிண்டல் செய்தது.

1973-ல் மறுபடியும் ஒருமுறை நடுவர் குழு முன்னால் நின்றார்கள். விசித்திரம், தேறிவிட்டார்கள். சில வாரங்களுக்குள் காகிதம் திரும்பப் பெறப்பட்டது. இந்த இசை மனத்தை நோயாக்கும், சமூகத்தில் தீய விளைவு உண்டாக்கும் என்பது காரணம்.

அதன்பிறகு அவர்கள் காகிதம் கேட்கவில்லை. சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. கல்யாணம், பிறந்தநாள் போன்ற தனிப்பட்ட நிகழ்ச்சிக்கு அனுமதி வாங்கத் தேவையில்லை. அதனால் நண்பர்கள் கல்யாணம் செய்துகொள்ளும் இடமெல்லாம் கச்சேரி ஆனது. தூரத்துக் கிராமத்தின் மதுக்கடை அல்லது களஞ்சியம். எந்த இடம் என்பது கடைசி நேரத்தில்தான் வாய்வழியாகப் பரவும். ரயிலில் போய் ஏதோ ஒரு சிறிய நிலையத்தில் இறங்கி, வயல் வழியாகவும் காட்டு வழியாகவும் கிலோமீட்டர் கணக்கில் நடப்பார்கள். குளிர்காலத்தில் பனியில். போய்ச் சேர்ந்த பிறகு கச்சேரி நடக்குமா என்பது நிச்சயமில்லை.

1974 மார்ச் 30 அன்று நடக்கவில்லை. செஸ்கே புத்யெயோவித்செ நகரத்துக்குப் பக்கத்தில் ருடோல்ஃபோவ் என்ற ஊருக்குப் பல நூறு இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். தடிகளோடும் நாய்களோடும் போலீஸ் வந்தது. ரயில் நிலையத்துக்கு ஓட்டிச் சென்று, சுரங்கப்பாதையில் இருபுறமும் வரிசையாக நின்று, நடுவில் ஓடியவர்களை அடித்தார்கள். பிறகு ரயிலில் ஏற்றி பிராகுக்கு அனுப்பினார்கள். பெயர்கள் குறித்துக்கொள்ளப்பட்டன. மாணவர்கள் பலர் படிப்பை இழந்தார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். குழு ஒரு சுரம்கூட வாசித்திருக்கவில்லை.

யிரௌஸ் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார். 1975-ல் கையெழுத்துப் பிரதியாகச் சுற்றிய ஒரு கட்டுரையில், அரசின் பண்பாட்டோடு மோதவும் வேண்டாம், அதில் இடம் கேட்கவும் வேண்டாம், அதைச் சாராத இரண்டாவது பண்பாடு ஒன்றை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்று எழுதினார். ஆட்சியை மாற்ற வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அனுமதியே கேட்காமல் வாழ்வோம் என்பது அனுமதியை வைத்தே ஆளும் அரசுக்கு எதிர்க்கட்சியைவிடப் பெரிய தலைவலி. எதிர்க்கட்சியோடு பேரம் பேசலாம்.

1976 பிப்ரவரி 21 அன்று யிரௌஸின் கல்யாணம். பிராகுக்குத் தெற்கே போயனோவித்செ கிராமத்தில் ‘இரண்டாவது பண்பாட்டின் இரண்டாவது விழா’ நடந்தது. பல குழுக்கள் வாசித்தன, நூற்றுக்கணக்கானோர் கேட்டார்கள். போலீஸ் தலையிடவில்லை. நாலு வாரம்கூடக் கழியவில்லை. மார்ச் 17 அன்று குழுவின் உறுப்பினர்களையும் நண்பர்களையும் வீடு வீடாகப் பிடித்தார்கள். ஒலிநாடாக்களும் கையெழுத்துப் பிரதிகளும் பறிமுதல். நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் விசாரணை. கட்சி நாளேடு ‘ரூடே பிராவோ’ இவர்களைக் குடிகாரர்கள், போதை அடிமைகள், ஒழுக்கங்கெட்டவர்கள் என்று எழுதியது. சில ஆண்டுகளில் அரசுத் தொலைக்காட்சியின் போலீஸ் தொடர் ஒன்றில் முடிவளர்த்த ராக் குழு விமானத்தைக் கடத்துவதாக ஒரு பகுதியே வந்தது.

அரசு செய்த பெரிய பிழை இங்கேதான். அரசியல் வழக்கு என்றால் உலகம் திரும்பிப் பார்க்கும் என்று அதற்குத் தெரியும். அதனால் குற்றப் பிரிவைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தார்கள்: பொது அமைதிக்குப் பங்கம், அதாவது ரவுடித்தனம், பிரிவு 202. மேற்குலகம் ரவுடிகளுக்காக அழாது, சொந்த நாட்டின் அறிவாளிகள்கூட மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

அறிவாளிகளில் ஒருவர் ஏற்கெனவே மூக்கைப் பொத்துவதை விட்டிருந்தார். நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், ஒழுங்காகக் கோட்டு போடுபவர். நாடகங்கள் தடைசெய்யப்பட்டதால் 1974-ல் ட்ருட்னோவ் ஊரின் பியர் ஆலையில் பீப்பாய் உருட்டியவர். 1968-ல், படையெடுப்புக்கு முன்பு, தன் நாடகம் மேடையேறியதைப் பார்க்க நியூயார்க் போய், வெல்வெட் அண்டர்கிரவுண்ட் இசைத்தட்டோடு திரும்பியவரும் அவர்தான். கைதுகளுக்குச் சில வாரம் முன்னால் யிரௌஸைச் சந்தித்தார். இருவருக்குமே மற்றவர்மேல் சந்தேகம். முடிவளர்த்தவர்களைப் பற்றி ஹாவெலின் காதில் விழுந்ததெல்லாம் அவதூறு. ஹாவெல் போன்றோர் அரசு விட்டுவைத்திருக்கும் எதிர்ப்பாளர்கள் என்பது யிரௌஸின் எண்ணம். யிரௌஸ் ஓட்டை டேப்ரிக்கார்டரில் பாடல்களைப் போட்டுக் காட்டினார். பேச்சு மதுக்கடையில் விடியும்வரை நீண்டது. அடுத்த கச்சேரிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஹாவெல் கிளம்பினார். அந்தக் கச்சேரிக்கு முன்பே கைது நடந்துவிட்டது.

ஹாவெலின் வாதம் எளிமையானது, அரசின் கணக்கைத் தலைகீழாக்கியது. பழைய அரசியல் எதிரிகளைச் சிறையில் போட்டால் அது இரண்டு கட்சிகளுக்கு இடையிலான சண்டை, அவர்களும் விளைவு தெரிந்தே இறங்கியவர்கள். அரசியலே இல்லாத இளைஞர்களை, தங்களுக்குப் பிடித்தபடி பாடியதற்காக மட்டும், சத்தமில்லாமல் ரவுடிகள் என்று உள்ளே தள்ள முடியுமென்றால் நாளை எவரையும் தள்ளலாம். ஆகவே இந்த வழக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். இதைச் சொல்லிக்கொண்டு அவர் பழைய நண்பர்களிடம் போனார். கத்தோலிக்கரான உளவியலாளர் யிர்ஷி நெமெட்ஸ் அவருக்குத் துணை நின்றார். 69 வயதுத் தத்துவ அறிஞர் யான் பட்டோச்கா, மூத்த கவிஞர் யாரோஸ்லாவ் சைஃபர்ட் போன்றோர் ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் போலுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் ஆதரவு கேட்டார்கள். தத்துவ மேதை ஹுஸ்ஸர்லிடம் படித்த பட்டோச்கா, மலச்சிக்கல் பாட்டுப் பாடிய பையன்களுக்காக எழுதுகிறார் என்பதை அதிகாரிகள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கைதானவர்களில் பலர் கோடையில் விடுவிக்கப்பட்டார்கள். நான்கு பேர் மிஞ்சினார்கள்.

விசாரணை 1976 செப்டம்பர் 21 அன்று பிராகின் கார்மெலித்ஸ்கா தெருவில் தொடங்கியது. குற்றவாளிக் கூண்டில் யிரௌஸ், பிராபெனெட்ஸ், டிஜி 307 என்ற குழுவின் பாவெல் ஸாயீச்செக், பாதிரியார் ஸ்வாட்டொப்லுக் கராசெக். இந்தக் கராசெக் கிடாரோடு ஆன்மிகப் பாடல் பாடிய புராட்டஸ்டண்ட் போதகர். அந்த நாட்டில் பிரசங்கம் செய்யவும் அரசின் காகிதம் வேண்டும், அவருடைய காகிதமும் முன்பே பறிக்கப்பட்டிருந்தது. வேறு வேறு துறை, அதே முறை.

நீதிமன்ற அறைக்குள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே அனுமதி. வெளியே படிக்கட்டிலும் தாழ்வாரத்திலும் மூன்று நாளும் கூட்டம் நின்றது. தோள்வரை முடி தொங்கும் இளைஞர்கள், கட்சியிலிருந்து நீக்கப்பட்ட முன்னாள் தலைவர்கள், கத்தோலிக்கர்கள், பேராசிரியர்கள். 1968-க்குப் பிறகு ஒரே அறையில் உட்கார்ந்து காப்பி குடித்திராத மனிதர்கள். உள்ளே பாடல் வரிகளில் இருந்த கெட்ட வார்த்தைகள் கனமான குரலில் வாசிக்கப்பட்டன. 23-ஆம் தேதி தீர்ப்பு: யிரௌஸுக்கு 18 மாதம், ஸாயீச்செக்குக்கு 12, கராசெக்குக்கும் பிராபெனெட்ஸுக்கும் 8. கச்சேரி ஏற்பாடு செய்த மூன்று இளைஞர்களுக்கு ஏற்கெனவே ஜூலையில் பில்சன் நகர நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்திருந்தது.

அந்த நாட்களைப் பற்றி ஹாவெல் எழுதிய கட்டுரையின் முடிவில் ஒரு சந்திப்பு வருகிறது. நீதிமன்றத்திலிருந்து வரும் வழியில் ஒரு திரைப்பட இயக்குநரைப் பார்க்கிறார். எங்கிருந்து வருகிறாய் என்கிறார் அவர். வழக்கைச் சொல்கிறார் ஹாவெல். போதைப்பொருள் சமாச்சாரமா என்று கேட்கிறார். இல்லை என்று விளக்கம் கொடுக்கிறார் ஹாவெல். தலையாட்டிக் கேட்டுவிட்டு, சரி, மற்றபடி என்ன செய்கிறாய் என்கிறார் இயக்குநர். நீதிமன்றத்தில் பார்த்த எதையும்விட இந்தக் கேள்வியே ஹாவெலைத் தைத்ததுபோலத் தோன்றுகிறது.

படிக்கட்டில் கூடியவர்கள் கலைந்துபோகவில்லை. அவர்கள் கையில் இப்போது வேறொரு காகிதம் இருந்தது, அதைக் கொடுத்தது அரசேதான். 1975-ல் ஹெல்சிங்கியில் நடந்த மாநாட்டில், மனித உரிமைகளை மதிப்போம் என்ற உடன்பாட்டில் ஹூசாக் கையெழுத்திட்டிருந்தார். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1976 மார்ச் 23 அன்று செக்கோஸ்லோவாகியாவில் நடைமுறைக்கு வந்தது. தேதியைக் கவனியுங்கள். குழுவினரைக் கைது செய்து ஆறு நாள் கழித்து. அதன் முழு வாசகம் சட்டத் தொகுப்பில் 120-ஆம் எண்ணாக அச்சாகி வந்தது அக்டோபர் 13 அன்று. தீர்ப்பு வந்து மூன்று வாரம்கூட முடியாதபோது. கருத்துச் சுதந்திரம் உண்டு என்று அரசு தன் முத்திரையோடு அச்சிட்டு அனுப்பியிருந்தது. யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையாக இருக்கலாம்.

1976 டிசம்பரில் பிராகின் வீடுகளில் கூடிக் கூடிப் பேசினார்கள். கட்சியின் முன்னாள் செயலாளர் ஸ்தெனெக் ம்லினார்ஷ் இருந்தார், எழுத்தாளர் பாவெல் கோஹௌட் இருந்தார், ‘சாசனம் 77’ என்று பெயர் வைத்தது கோஹௌட்தான். அரசைக் கவிழ்க்கும் பேச்சு எதுவும் எழுதப்படவில்லை. 120-ஆம் எண்ணில் அச்சிட்டிருப்பதை நடைமுறைப்படுத்துங்கள் என்பதே சாரம். பட்டோச்கா, ஹாவெல், முன்னாள் வெளியுறவு அமைச்சர் யிர்ஷி ஹாயெக் மூவரும் சாசனத்தின் செய்தித் தொடர்பாளர்கள். கிறிஸ்துமஸ் நாட்களில் 240-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஆவணத்தின் தேதி 1977 ஜனவரி 1.

ஐந்து நாள் கழித்து, ஜனவரி 6 அன்று, நடிகர் பாவெல் லாண்டோவ்ஸ்கி தன் சாப் காரை எடுத்தார். உள்ளே ஹாவெலும், ‘ஈராயிரம் சொற்கள்’ அறிக்கையை 1968-ல் எழுதியவராக நாம் முன்பே சந்தித்த லுட்விக் வாட்சுலிக்கும். கையெழுத்திட்டவர்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் அனுப்ப வேண்டிய உறைகள் காரில் இருந்தன. தபால்பெட்டியைத் தேடி அவர்கள் புறப்பட்டபோது பின்னால் ரகசியப் போலீஸின் கார்கள் வரிசையாகக் கிளம்பின. அந்தத் துரத்தலையும், அதற்குப் பிறகு தேசிய நாடக அரங்கில் பாடகர்களும் நடிகர்களும் வரிசையில் நின்று சாசனத்துக்கு எதிராகக் கையெழுத்திட்ட கதையையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)